வலையைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: கடலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும் உண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம். பகலில் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும் ஐந்து வயது மகளும் மட்டும்தான் வீட்டில். பயத்தில் ஜன்னலைத் திறப்பதே இல்லை. கம்பி கிரில் போட்டால் சிறைக்குள் இருப்பது போல இருக்கும் என்று அம்மா மறுக்கிறார். அதனால் ஸ்டீல் பாதுகாப்பு வலை போடலாம் என்று மூன்று பேரிடம் விசாரித்தோம். ஒருவர் 304 ரகமே போதும் என்கிறார். இன்னொருவர் 316க்குக் குறைந்து வாங்கவே கூடாது என்கிறார். மூன்றாமவர் அலுமினிய வலை துருவே பிடிக்காது, அதுதான் நல்லது என்கிறார். மூன்று மாதிரித் துண்டுகளையும் மேஜையில் வைத்துப் பார்த்தோம். எல்லாம் கறுப்பாக, ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று பேரும் உங்களிடம் வலையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். அதுதான் என்னை முதலில் உறுத்தியது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கதவு, ஜன்னல், பாதுகாப்பு வலை பொருத்தும் வேலையில் இருக்கிறேன். உடைக்க முயன்ற வீடுகளைப் பழுதுபார்க்கப் போயிருக்கிறேன். வலையின் நடுவில் ஓட்டை போட்டு உள்ளே நுழைந்ததை நான் பார்த்தது மிக அரிது. வலை சட்டத்திலிருந்து கழன்று வந்திருக்கும், அல்லது சட்டம் சுவரிலிருந்து பெயர்ந்திருக்கும், அல்லது பூட்டுப் பக்கம் நெம்பியிருப்பார்கள். உலோகத்தின் ரகம் முக்கியம், அதையும் சொல்கிறேன். ஆனால் வலை எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதி அதைப் பிடித்திருக்கும் விளிம்புக்கும் வேண்டும்.

இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டின் பின்வாசலுக்கு வலைக்கதவு பொருத்தினேன். நல்ல வலை, நல்ல பூட்டு. சில மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் வலையில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டை இரண்டு குட்டைத் திருகாணிகளால் பழைய மரநிலையில் முடுக்கியிருந்தேன். மரம் உள்ளே மெத்தென்று போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு கம்பியை விட்டு நெம்பியதும் தகடு மரத்தூளோடு வெளியே வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரரிடம் என்னால் சாக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மாதிரித் துண்டை எடுத்துக் காட்டுவதற்கு முன் நிலையைத்தான் குத்திப் பார்க்கிறேன்.

சரி, முதலில் உங்கள் 304, 316 கேள்வி.

இரண்டுமே நாம் எவர்சில்வர் என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தவை. எஃகில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகும். கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மறுபடி மூடிக்கொள்ளும். துரு பிடிக்காமல் காப்பது அந்தப் படலம்தான். 304இல் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 316இல் குரோமியம் கொஞ்சம் குறைவு, நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல். கூடவே இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகமும் இருக்கும். இரண்டுக்கும் இடையே உங்களுக்கு முக்கியமான வேறுபாடு இந்த மாலிப்டினம்.

கடற்காற்றில் வரும் உப்பில் குளோரைடு இருக்கிறது. அது அந்தப் படலத்தை ஊசிமுனை அளவு இடத்தில் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மேலிருந்து பார்த்தால் சிறு பழுப்புப் புள்ளிதான் தெரியும், அடியில் குழி பறித்திருக்கும். கனமான தகட்டில் இப்படிச் சின்னக் குழி விழுந்தால் பெரிய மோசமில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பியில் விழுந்தால் கம்பியின் பாதியே போய்விடும். குளோரைடு இப்படிக் குழி பறிப்பதை மாலிப்டினம் நன்றாகத் தடுக்கிறது. அலை அடிக்கும் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை படியும் வாய்ப்பு அதிகம் என்பது இந்தத் துறையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. காற்றின் போக்கைப் பொறுத்து இது கூடலாம். நீங்கள் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறீர்கள். உங்களுக்கு 316தான். இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பவர், பக்கத்தில் ரசாயனத் தொழிற்சாலையோ நீச்சல் குளமோ இல்லாதவர், 304 வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் 316 என்றால் கறையே படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கழுவாமல் விட்டால் அதுவும் கறை பிடிக்கும். கழுவுவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று மாதிரிகளும் ஒரே மாதிரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு பவுடர் கோட்டிங் போட்டுவிட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. சிலர் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்பார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 304, 316 இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவை. மெல்லிய கம்பியாக இழுக்கும்போது உள்ளமைப்பு கொஞ்சம் மாறி, குறிப்பாக 304இல், லேசான ஈர்ப்பு வந்துவிடும். அதனால் நல்ல எஃகும் லேசாக ஒட்டலாம், ஒட்டாதது 304ஆகவும் இருக்கலாம். பலமாக இழுத்துக்கொண்டால் மட்டும் சந்தேகப்படுங்கள், அது சாதாரண இரும்பாக இருக்கலாம். நம்பிக்கையான வழி, வலை நெய்த ஆலை தரும் சோதனைச் சான்றிதழைக் கேட்பது. அதில் மாலிப்டினம் எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே இருக்கும். இரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பூச்சில்லாத ஒரு சின்னத் துண்டு கிடைத்தால், மாலிப்டினம் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் சொட்டு மருந்து இருக்கிறது. கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்ரே கருவியாலும் நொடிகளில் தெரிந்துகொள்ளலாம். சான்றிதழ் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

அப்புறம் வலையின் அளவு. ‘11 மெஷ், 0.8’ என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு 11 கம்பி, ஒவ்வொரு கம்பியும் 0.8 மி.மீ. கனம் என்று பொருள். ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 2.3 மி.மீ. வரும். கம்பியின் கனத்தைக் கழித்தால் கண் 1.5 மி.மீ. இந்தக் கணக்கில் வலைப்பரப்பில் 43 சதவீதம்தான் திறப்பு, மற்றது கம்பி. அதே 11 மெஷில் 0.9 மி.மீ. கம்பி போட்டால் திறப்பு 37 சதவீதமாகக் குறையும். ஆனால் ஒவ்வொரு கம்பியிலும் உலோகம் கால்பங்குக்கு மேல் கூடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம், வெட்டும் கருவிக்கு அந்தக் கால்பங்கு தெரியும். கைக்கு எட்டும் தரைத்தள ஜன்னல்களுக்கும் வாசல்களுக்கும் 0.9 போடலாம். மாடியில் 0.8 போதும், காற்று கொஞ்சம் கூடுதலாக வரும்.

அலுமினிய வலை துருப்பிடிக்காது என்று மூன்றாமவர் சொன்னது இரும்புத்துருவைப் பொறுத்தவரை சரிதான். உப்புக்காற்றில் அலுமினியமும் வெண்பொடியாகப் பூக்கும், அது வேறு விஷயம். அதைவிட முக்கியம், மெல்லிய அலுமினியக் கம்பி வலை கொசுவுக்குத்தான். நல்ல கத்தரியோ கத்தியோ அதை வெட்டிவிடும். கனமான துளைத்தகடாகச் செய்த அலுமினியப் பாதுகாப்புத் தடுப்புகளும் உண்டு, அவற்றில் சோதனை தாண்டியவையும் இருக்கின்றன. அவர் காட்டியது எது என்று கேளுங்கள். நெய்த அலுமினிய வலை என்றால் பாதுகாப்பு என்ற பெயரில் அதை வாங்காதீர்கள்.

இனி விளிம்பு. இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

மாதிரித் துண்டு என்று ஒரு கையளவு வலையைக் கொடுத்தால் போதாது. சட்டத்தோடு சேர்ந்த மூலைத் துண்டைக் கேளுங்கள். அதைக் குறுக்கே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். வலையின் ஓரம் சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எது அதைப் பிடித்திருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே தெரியும். சாதாரணக் கொசுவலையில் ஒரு ரப்பர் கயிற்றைக் காடிக்குள் அழுத்தி வலையை நிறுத்துவார்கள். அதே முறையில் ஸ்டீல் வலையை மாட்டி பாதுகாப்பு வலை என்று விற்பதும் நடக்கிறது. தோளால் ஒரு இடி இடித்தால் வலை முழுசாக உள்ளே வந்து விழும். 316 ஆனாலும் 0.9 ஆனாலும் அந்த வலையால் பிரயோஜனம் இல்லை.

நம்பத்தக்க முறைகள் பொதுவாக இரண்டு. ஒன்று, வலையின் வழியாகவே நெருக்கமாகத் திருகாணி இறக்கி, உள்பக்கம் ஒரு பட்டையால் அழுத்திப் பிடிப்பது. இன்னொன்று, ஆப்பு போன்ற பட்டையை நீளம் முழுவதும் அடித்து இறக்கி, வலையைத் தள்ளத் தள்ள பிடி இறுகும்படி செய்வது. இரண்டிலும் நன்றாகச் செய்ததும் உண்டு, மோசமாகச் செய்ததும் உண்டு. எனக்கு ஆப்பு முறை கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். வலையில் துளை இல்லை, பிடிமானம் ஓரிடமும் விடாமல் தொடர்ச்சியாக இருக்கிறது. திருகாணி முறை என்றால் திருகாணிகளின் தலை வெளிப்பக்கம் தெரியக் கூடாது. சட்டத்தின் நான்கு மூலைகளையும் கையால் முறுக்கிப் பாருங்கள். உள்ளே கனமான மூலைத்துண்டு வைத்து இறுக்கியிருந்தால் அசையாது.

விளிம்பில் இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். சட்டம் பெரும்பாலும் அலுமினியம், வலை எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் சின்ன பேட்டரி போல வேலை செய்யும். இதில் கரைவது அலுமினியம். வலைப்பரப்பு பெரியது, அதைத் தொடும் அலுமினிய விளிம்பு சிறியது என்பதால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். பூச்சுக்கு அடியில் வெள்ளைப் பொடி கிளம்பி, கொப்புளித்து, நாலைந்து வருஷத்தில் பிடிமானமே தளர்ந்துபோன சட்டங்களைக் கழற்றியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் வலை புதிது மாதிரி பளிச்சென்று இருக்கும். அதனால் வலைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பரோ பி.வி.சி.யோ ஒரு தடுப்புப் பட்டை, வெட்டுவிழாமல் சுற்றிலும் இருக்க வேண்டும். அறுத்த துண்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பவுடர் கோட்டிங்கே தடுப்பு என்று சொன்னால் ஏற்காதீர்கள். வலையின் வெட்டிய முனைகள் பூச்சைக் கிழித்துவிடும்.

சட்டம் சுவரில் எப்படி நிற்கும் என்பது அடுத்தது. வெளியில் மாட்டும் சட்டத்தை மெல்லிய ரிவெட்டால் ஜன்னல் பிரேமில் அடித்துவிட்டுப் போனால், ரிவெட்டின் தலையைச் சீவி எடுக்க அதிக நேரம் ஆகாது. சுவருக்குள்ளோ திடமான நிலைக்குள்ளோ இறங்கும் நீளமான எஃகுத் திருகாணி வேண்டும், தலை மூடியிருக்க வேண்டும், அல்லது முடுக்க மட்டும் முடிந்து கழற்ற முடியாத வகையாக இருக்க வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு, அதை வெள்ளைப் பசையால் மூடினால் கடப்பாரைக்கு வழி விட்டது போல ஆகும். அளவெடுக்க வருகிறவர் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் எடுக்கிறாரா என்று கவனியுங்கள். எந்த வீட்டிலும் ஜன்னல் திறப்பு முழுச் சதுரமாக இருப்பதில்லை. ஒரே இடத்தில் டேப்பை வைத்துவிட்டுப் போகிறவருடைய சட்டம் பொருந்தாது.

உங்கள் ஜன்னல் எப்படித் திறக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. நகர்த்தும் ஜன்னல் என்றால் வலையை வெளியே மாட்டலாம். கண்ணாடிக்கும் அது காவல். வெளிப்பக்கம் திறக்கும் கதவுள்ள ஜன்னல் என்றால் வலை உள்பக்கம்தான் வர முடியும். அப்போது கண்ணாடியை உடைத்துவிட்டு வலையிடம் வருவார்கள், தாழ்ப்பாளைப் போடவும் எடுக்கவும் வலையைத் திறந்து கைவிட வேண்டியிருக்கும். அதற்குத் தகுந்த கீல் வலையை முதலிலேயே திட்டமிடுங்கள்.

வாசல் வலைக்கதவுக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் பூட்டும் பூட்டு வேண்டும். ஒற்றைப் பூட்டு என்றால் கதவின் கீழ் மூலையை நெம்பி வளைத்துக் கை நுழையும் அளவுக்குப் பிரித்துவிடலாம். கீல் மூன்று, அவற்றின் ஊசிகளைத் தட்டி எடுக்க முடியாத வகை. பூட்டுத் தகட்டைப் பற்றி என் கதையிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் நிலை மரம் என்றால் ஒரு திருப்புளியால் அடிப்பகுதியில் அழுத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் வலைக்குப் பணம் கட்டுவதற்கு முன் நிலையை மாற்றுங்கள்.

எல்லோரும் தங்கள் வலை உடையாது என்பார்கள். உடையாத வலை எதுவும் இல்லை. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் எதையும் அறுத்துவிடும், ஆனால் சத்தம் போடும், நேரம் எடுக்கும். நாம் வாங்குவது அந்த நேரத்தைத்தான். ஐரோப்பாவின் இ.என். 1627 தரம் இதை வெளிப்படையாக நிமிடக் கணக்கிலேயே வைத்திருக்கிறது. ஆர்.சி. 2 வகை என்றால் திருப்புளி, ஆப்பு போன்ற எளிய கருவிகளோடு வருகிறவரை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். ஆர்.சி. 3 என்றால் கடப்பாரையோடு வருகிறவரை ஐந்து நிமிடம். ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு வலைக்கதவு, ஜன்னல் தடுப்புகளுக்கென்றே ஏ.எஸ். 5039 என்ற தரம் இருக்கிறது. அதன்படி கனமான பொருளை ஊசலாட்டி மோதவிடுவார்கள், கத்தியால் அறுத்துப் பார்ப்பார்கள், பூட்டிலும் கீலிலும் நெம்புவார்கள், வலையைப் பிடித்து இழுப்பார்கள். பொருத்தும் முறைக்குத் தனியாக அதன் இரண்டாம் பகுதி, ஏ.எஸ். 5039.2, உண்டு; முன்பு அது ஏ.எஸ். 5040 என்ற தனித் தரமாக இருந்தது. பொருளைச் சோதித்தால் மட்டும் போதாது, பொருத்துவதற்கும் ஒரு தரம் வேண்டும் என்று அங்கே முடிவு செய்திருப்பது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. உங்கள் பகுதியில் எந்தத் தரம் நடப்பில் இருந்தாலும், ஒன்றை மட்டும் கேளுங்கள்: சோதனை செய்தது வெறும் வலையையா, அல்லது சட்டம், பூட்டு, கீல் எல்லாம் சேர்ந்த முழுக் கதவையா? அறிக்கையில் உள்ள கதவின் அளவு உங்களுக்குத் தருவதன் அளவுக்கு அருகில் இருக்கிறதா? சின்னக் கதவு தாங்கியதை, நடுச்சட்டம் இல்லாத பெரிய கதவும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் படித்ததும் எனக்குக் கவலை தந்த விஷயத்துக்கு வருகிறேன். பகலில் வீட்டில் இருப்பது வயதான அம்மாவும் சின்னக் குழந்தையும். உள்ளே வர முடியாதபடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், புகை சூழும்போது அவர்கள் எப்படி வெளியே போவார்கள்?

எல்லா ஜன்னலுக்கும் நிலையான வலை, இரண்டு வாசலுக்கும் சாவி போட்டால் மட்டுமே திறக்கும் பூட்டு என்று கேட்கிறவர்கள் நிறைய. நான் மறுத்துவிடுவேன், வேலை போனாலும் பரவாயில்லை. கள்வருக்குத் தாமதம் ஏற்படுத்தும் வலை தீயணைப்பு வீரருக்கும் அதே தாமதத்தைத்தான் ஏற்படுத்தும். ஒவ்வொரு படுக்கையறையிலும் குறைந்தது ஒரு வலையாவது உள்ளிருந்து சாவி இல்லாமல், ஒரே கைப்பிடியில் திறக்க வேண்டும். அந்தத் திறப்பு ஆள் நுழையும் அளவு இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியிருப்பு விதிகளில் படுக்கையறையின் தப்பிக்கும் ஜன்னலுக்குக் குறைந்தது 508 மி.மீ. அகலம், 610 மி.மீ. உயரம், மொத்தத் திறப்பு பொதுவாக 0.53 சதுர மீட்டர் என்று இருக்கிறது. ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 1118 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. உங்கள் பகுதியின் விதி வேறாக இருக்கலாம், ஆனால் அளவெடுக்கும்போது இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் தவறாது. அம்மா தங்கும் அறை தரைத்தளத்தில் இருப்பது நல்லது. அங்கே திறக்கும் வலையின் கைப்பிடி அவருடைய விரல்வலுவுக்குத் திரும்ப வேண்டும். வாசல் வலைக்கதவில் உள்பக்கம் குமிழ் திருப்பித் திறக்கும் பூட்டு போடுங்கள். வலையில் கை நுழையாது என்பதால் வெளியிலிருந்து அந்தக் குமிழை எட்ட முடியாது. கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பலகை இருந்தால் அதற்கும் வலை போட்டுவிடுங்கள்.

மாடியில் உங்கள் மகளை நினைத்து முடிவெடுங்கள். அங்கே ஆபத்து வெளியிலிருந்து வருவதைவிடக் குழந்தை ஜன்னலில் சாய்வதுதான். சாதாரணக் கொசுவலை ஒரு குழந்தையின் எடையைத் தாங்காது. வலை இருக்கிறது என்று நம்பிப் பெரியவர்களும் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிடுவார்கள், அது இன்னும் மோசம். கீழ்த்தரை இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும் படுக்கையறை ஜன்னல்களுக்கு ஆஸ்திரேலியக் கட்டட விதி ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒன்று, ஜன்னல் 125 மி.மீ. பந்து நுழையும் அளவுக்குத் திறக்கக் கூடாது, அல்லது வலை வெளிப்பக்கமாக 250 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 25 கிலோ எடை சாய்வது போல. ஒழுங்காகப் பிடித்த ஸ்டீல் வலைக்கு இது பெரிய காரியமில்லை. மாடியில் திறக்கும் வலை வைத்தால் அதன் தாழ்ப்பாள் மகளால் தற்செயலாகத் திறக்க முடியாத வகையாக இருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழே கட்டிலோ நாற்காலியோ போடாதீர்கள்.

அம்மாவின் சிறை பயத்துக்கு ஒரு வார்த்தை. கறுப்பு வலையையே எடுங்கள். வெள்ளையோ சாம்பலோ வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். கறுப்பில் பார்வை வலையைத் தாண்டிப் போய்விடும். இரண்டு அடி தள்ளி நின்றால் வலை இருப்பதே மறந்துவிடும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் உள்ளிருந்து நன்றாகத் தெரியும், வெளியிலிருந்து உள்ளே சரியாகத் தெரியாது. இரவில் விளக்கைப் போட்டால் இது அப்படியே தலைகீழாகும், திரைச்சீலை வேண்டும். காற்று திறந்த ஜன்னல் அளவுக்கு வராது. ஆனால் நீங்கள் இப்போது ஜன்னலையே திறப்பதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வலை போட்டால் வீட்டுக்குள் காற்று ஓடும்.

கழுவுவதைச் சொல்கிறேன் என்றேன். உங்கள் தூரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் சேர்த்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி நல்ல தண்ணீர் விடுங்கள். மழை படாத வலையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மழையில் நனையும் வலையை மழையே கழுவிவிடும். கூரை நீட்டலுக்கு அடியில் பத்திரமாக இருப்பதாக நாம் நினைக்கும் வலையில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் தொடவே கூடாது. அதன் துகள்கள் வலையில் சிக்கித் துருப்பிடிக்கும், பிறகு வலைமேல் பழி போடுவோம். தரை கழுவும் அமிலம், பிளீச்சிங் இரண்டிலும் குளோரைடு இருக்கிறது, அவற்றின் தெறிப்புகூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதப் பத்திரத்தில் கடலிலிருந்து எத்தனை தூரம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்ற நிபந்தனைகள் சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் படியுங்கள். கழுவும் தேதியைச் சுவர்க்காலண்டரில் குறித்து வையுங்கள், பின்னால் கேட்டால் காட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யப் பணம் இடம்கொடுக்காவிட்டால், மலிவான ரகத்தில் வீடு முழுவதும் போடாதீர்கள். பின்வாசல், தெருவிலிருந்து தெரியாத பக்கத்து ஜன்னல்கள், அம்மாவின் அறை, மகள் விளையாடும் மாடி ஜன்னல் என்று நல்ல ரகத்தில் ஆரம்பியுங்கள். முன்பக்கம் அடுத்த வருஷம் வந்தாலும் பரவாயில்லை. மூன்று பேரில் யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், மூலைத் துண்டை அறுத்துக் காட்டுகிறவரிடம் கொடுங்கள். 316 சொன்னவரே அதையும் செய்தால் மிக நல்லது. செய்யாவிட்டால் நாலாவது ஒருவரைத் தேடுங்கள்.

பொருத்தி முடித்த அன்று கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அம்மாவை அவருடைய அறைக்குக் கூட்டிப் போங்கள். விளக்கை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வலையை அவரே திறக்கட்டும். நீங்கள் உதவாதீர்கள். தடவித் தடவித் திறந்துவிட்டால் பணத்தைக் கொடுக்கலாம். திணறினால், பொருத்த வந்தவர் கிளம்புவதற்குள் கைப்பிடியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.